நாலாம் சுற்றில் பதினான்கு நிமிடம்

எங்கள் மருத்துவமனையின் முதல் மாடியில் ஒட்டினாற்போல் இரண்டு அறைகள். ஒன்றில் நான் ரத்தம் எடுக்கிறேன். அடுத்ததில் ஈசிஜி அக்கா. நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். என் பக்கத்தில் யாராவது அலறினால் அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் கோடு துள்ளிவிடும். உடனே தடுப்பில் டொக் டொக்கென்று தட்டு விழும். "அடியே ராட்சசி, மெதுவாக் குத்துடி!" பதினோரு வருஷமாக இந்தத் திட்டு காதில் விழாமல் எனக்கு வேலை ஓடுவதில்லை.

அக்கா இருபத்திரண்டு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டிலிலிருந்து எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள்: "எல்லாம் சரியா இருக்கா?" அக்கா கோட்டுத்தாளை மடித்தபடி, "டாக்டர் சொல்வாங்க" என்பார். அவருக்குத் தெரியாதா என்ன? இளம் டாக்டர்கள் ரகசியமாக வந்து அவரிடம் கேட்டுவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நோயாளியிடம் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. வேலையின் சட்டம் அது. எனக்கு நாக்கு அடங்காது, இரண்டு மெமோ வாங்கியாயிற்று. அக்காவின் கோப்பு மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

அக்காவின் தம்பி குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவன். கண்டவரையெல்லாம் கடித்ததால் ஒரு பந்தயக் கொட்டடியில் கழித்துவிட்ட பெண் குதிரையை அவன் வீட்டுக்கு ஓட்டி வந்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினார்கள். காகிதத்தில் அதற்கு ராணி மாதிரி நீளமாக ஒரு பெயர், வீட்டில் 'வாலு'. வந்த முதல் வாரமே அக்காவின் வெள்ளைக் கோட்டில் இரண்டு பொத்தானைத் தின்றுவிட்டது. "தம்பிக்குப் பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே நாத்தனாருக்குப் பதிலடி ஆரம்பிச்சாச்சு" என்று நான் சிரித்தேன். அக்கா முறைத்தார். ஆனால் அதன்பிறகு அந்தக் கோட்டில் குதிரை முடி ஒட்டாத நாளே கிடையாது.

வேலைக்குக் கிளம்புமுன் தினமும் வாலுவின் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து நாடி எண்ணி, நாள்காட்டித் தாளில் எழுதிவைப்பார். ஒருநாள் மருத்துவமனை கழித்துப்போட்ட பழைய ஈசிஜி பெட்டியைக் கொண்டுபோய் வாலுவுக்கே கோடு எடுத்துவிட்டார். நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போயிருந்தது. பதறிப்போய் அந்தத் தாளைத் தேசியக் குதிரையேற்ற அணியின் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் பத்துப் பேர் முன்னால் வயிறு குலுங்கச் சிரித்தார். "சும்மா நிக்கிற குதிரைக்கு அப்படித்தாம்மா அடிக்கும். மனுஷனுக்குப் பார்க்கிறதை இங்கே பார்க்காதீங்க." அவர் சொன்னது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது அக்காவுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. நான் அங்கே இருந்திருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் தம்பியும் வாலுவும் தேசிய அணிக்குத் தேர்வானார்கள். கடல் தாண்டி எங்கோ நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி. நூற்று அறுபது கிலோமீட்டர், ஐந்து சுற்று, ஒரே நாளில். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரையின் துடிப்பு பதினைந்து நிமிடத்துக்குள் அறுபத்து நாலுக்கு இறங்கியாக வேண்டும். அதோடு நொண்டாமல் ஓடியும் காட்ட வேண்டும். இல்லையென்றால் வெளியே. அணியில் ஐந்து பேர். அதில் மூன்று பேராவது முடித்தால்தான் அது அணி. அக்காவின் வீட்டுக்காரரும் குதிரைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்காகக் கூடவே போயிருந்தார்.

போட்டியன்று கீழ்க்கூடத்துத் தொலைக்காட்சியில் வரவேற்பறைப் பெண் ஒரு வரைபடத்தை வைத்துவிட்டாள். அதில் வீரர்களெல்லாம் புள்ளிகள், பக்கத்தில் வேகம்; சுற்று முடிந்ததும் துடிப்பு இறங்க எடுத்த நேரமும் வரும். அதையேதான் அக்கா தன் போனிலும் வைத்திருந்தார். "புள்ளியைக் காட்டுற கருவி குதிரை மேல இல்லடி, ஓட்டுறவன் சட்டைக்குள்ள இருக்கு" என்று காலையிலேயே எனக்குப் பாடம் நடத்தினார்.

முதல் சுற்றிலேயே எங்கள் ஆள் ஒருவரின் குதிரை காலை மடக்கிக்கொண்டது. அவர் புள்ளி எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து திரும்பியது. இதென்ன ஊர்வலமா என்று கேட்டேன். அக்கா வீட்டுக்காரரைக் கேட்டுச் சொன்னார். "குதிரையை ஏத்தின வண்டியில அவரும் வர்றாராம், அது அப்படித்தான் வருமாம். வேகமாப் போனா உள்ள நிக்க முடியாம விழுந்திடும்."

வாலு முதல் சுற்றில் மூன்று நிமிடத்தில் துடிப்பை இறக்கினாள். இரண்டாவதில் நாலு. கீழே கைதட்டல் காதைப் பிளந்தது. இதயப் பிரிவுப் பெரியவர் ஒருவர், துடிப்பு ஏறக்கூடாது என்று கட்டிலில் போட்டிருந்தவர், எழுந்து வந்து கைதட்டினார். நான்தான் அதட்டிக் கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது சுற்றில் எட்டு நிமிடம்.

"எட்டு நல்லதுதானே? பதினஞ்சு வரைக்கும் இருக்கே" என்றேன்.

அக்கா போனைக் கையில் எடுத்தார். வீட்டுக்காரரின் எண்ணுக்கு மேல் விரல் அப்படியே நின்றது.

"என்னக்கா?"

"மூணு, நாலு, எட்டு. இப்படி ஏறக்கூடாதுடி. நாலு பேர் இன்னும் ஓடிட்டிருக்காங்க. இவன் இப்போ நிறுத்தினாலும் மூணு பேர் இருப்பாங்க, டீமுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் என்ன? சொல்ல வேண்டியதுதானே!"

அக்கா போனைக் கோட்டுப் பைக்குள் போட்டார். "அங்க டாக்டர் இருக்காங்க. டாக்டர் சொல்வாங்க."

பிடித்து உலுக்கியிருக்க வேண்டும் நான். ஊருக்கெல்லாம் நீளுகிற என் வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ, வாசலில் வரிசை நிற்கிறதென்று என் அறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் தடுப்பில் ஒரு தட்டுகூட விழவில்லை. ஒரு குழந்தை வீல் வீலென்று கத்தியது, அப்போதும் இல்லை.

நாலாம் சுற்று முடிந்ததும் அக்காவின் அறைக்கு ஓடினேன். எங்கள் இன்னொரு குதிரை நொண்டியதால் வெளியே. வாலுவுக்குப் பதினான்கு நிமிடம், துடிப்பு அறுபத்து மூன்று. மயிரிழையில் தேறிவிட்டாள். கீழே ஒரே கூச்சல்: மிச்சம் மூன்று பேர், மூன்று பேரும் முடித்தால் அணிக்குப் பதக்கமாம்! அக்கா இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரரை அழைத்துப் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அவனைக் கூப்பிடுங்க."

தம்பியின் குரல் மூச்சு வாங்கியது. "அக்கா! தேறிட்டா பாத்தியா!"

"இறங்குடா. போதும்."

"என்னக்கா பேசுற? டாக்டர் பார்த்துட்டுத்தான் அனுப்புறாரு. நான் நின்னா டீமே இல்ல."

"வாலு தீவனம் தின்னாளா?"

"சேணம் போடணும்க்கா, நேரமாச்சு."

"தின்னாளாடா?"

"தண்ணி குடிச்சா." அப்புறம் கெஞ்சினான். "இருபது கிலோமீட்டர்தான்கா. மெதுவாவே போறேன். இதை மூணாவது சுத்துல சொல்லியிருந்தாக்கூட நின்னிருப்பேன். இப்போ நின்னா மூஞ்சியில காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்டா. துடைச்சுக்கலாம். டேய்..."

போன் கட்டாகிவிட்டது.

கடைசிச் சுற்றில் அவன் புள்ளி பதினேழு கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியது. பதினான்கு. பன்னிரண்டு. ஒன்பது. அக்காவின் கட்டிலில் நடுவயதுக்காரர் ஒருவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். "ஒரே நிமிஷம்யா" என்று அக்கா அவரிடம் சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். ஆறு. நாலு. புள்ளி நின்றது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கீழே, சிக்னல் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நாசமாய்ப்போன அந்தப் புள்ளி நகர்ந்து தொலையாதா என்று வாய்விட்டே திட்டினேன்.

நகர்ந்தது. இருபது, முப்பத்தைந்து, ஐம்பத்திரண்டு! கீழே கூடமே குலுங்கியது. "பறக்குறா பாரு! வாலு பறக்குறா!" யாரோ விசில் அடித்தார்கள். நானும் துள்ளினேன், முட்டாள்.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அது வண்டிடி" என்றார். "அவ உள்ள இருந்தா வண்டி ஊர்ந்துதான் வரும். அவ உயிரோட வெளிய நின்னிருந்தா, அவளை விட்டுட்டு அவன் வண்டியிலயே ஏறியிருக்க மாட்டான்."

கீழே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அந்தத் தொலைக்காட்சியை உடைக்க வேண்டும்போல் இருந்தது. சற்று நேரத்தில் அவர் வீட்டுக்காரர் கூப்பிட்டார். விழுந்ததில் தம்பிக்குத் தோள்பட்டை முறிவு, வாலுவின் பக்கத்திலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவனை நாலு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது என்றார். அப்புறம், "நம்ம வாலு..." என்று ஆரம்பித்தார். "தெரியும்" என்றார் அக்கா. "அவன்கிட்ட என் மேல கோபமில்லையான்னு கேளுங்க." வைத்துவிட்டார்.

அழுவார் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டுக் கட்டிலருகே போனார். காத்திருந்தவரின் நெஞ்சில் பட்டைகளை ஒட்டினார். "கையைத் தளர்த்திக்குங்க. மூச்சைச் சாதாரணமா விடுங்க" என்றார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

தாள் ஓடி முடிந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்போதும்போல் மடிக்கவில்லை. அந்த மனிதர் சட்டையை எடுத்துக்கொண்டு, எல்லோரும் கேட்பதைக் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?"

"இல்லய்யா. சரியா இல்ல. எந்திரிக்காதீங்க, அப்படியே படுங்க" என்றார் அக்கா. தடுப்பில் ஓங்கித் தட்டினார், நான் பக்கத்திலேயே நிற்பதுகூடத் தெரியாமல். "ஓடுடி! டாக்டரை இழுத்துட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லு."