பிரேக் பார்த்தவரின் முதல் இறக்கம்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஒரு வாரமாகக் குளிரிலும் தூறலிலும் நின்ற என் கார், இன்று முனகிக்கொண்டே நகர்கிறது. மேட்டிலுள்ள தன் கடையில் மெக்கானிக் அந்தோணி பின்சக்கரத்தில் தண்ணீர் தெளிக்கிறார். சுர்ரென்று ஆவி பறக்கிறது.

“ஹேண்ட் பிரேக் போட்டே வுட்டுட்டீங்க. துரு புடிச்சி ஒட்டிக்கினு இருக்குது.”

சக்கரத்தைக் கழற்றி, உள்ளே துருவைத் தேய்த்தெடுத்து மாட்டுகிறார். நானும் மகளும் ஏறப் போகிறோம்.

“நில்லுங்க சார். எங்கப்பா சுரங்கத்துல ஃபிட்டரு. ஆளுங்கள குழிக்குள்ள எறக்குற கூண்டு, அந்த கேஜ ரிப்பேர் பண்ணா, மொதல்ல ஃபிட்டருதான் அதுல எறங்கணும். அப்புறந்தான் மத்தவங்க.”

தனியாக ஏறிச் சரிவில் வேகமாக விடுகிறார். கடை வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நிற்கிறது. சரிவின் கீழே காரின் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்து, கார் நின்ற பிறகுதான் அந்தம்மா அடுத்த காயை எடுக்கிறார்.