அம்மன் விட்டுக்கொடுத்த கரண்ட்

போன ஆடி மாதம், பாகூர் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு அலகு குத்தும் செடல் திருவிழா. ஊரே கோயிலில் கூடியிருக்க, பின்தெருவில் எங்கள் வீட்டில் நான் மட்டும் கம்ப்யூட்டருக்குக் காவல் இருந்தேன்.

நான் ஆராய்ச்சி மாணவி. வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு வைரஸுக்குத் தடுப்பூசி வடிவமைக்கிறோம். வைரஸின் எந்தத் துண்டைக் காட்டினால் உடம்பு உஷாராகும் என்று கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, தேறுவதை மட்டும் லேபில் செய்வோம். நான் வடிவமைத்த துண்டு குலையாமல் நிற்கிறதா என்ற கடைசிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவுக்குள் முடிவை அனுப்பாவிட்டால் அது லேபுக்கே போகாது. பட்ட பாடெல்லாம் அம்போதான்.

பொழுது சாய்கிற நேரம், டிரான்ஸ்பார்மர் வெடித்தது. யூ.பி.எஸ். கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. கோயிலுக்கு ஓடினேன். அங்கே ஜெனரேட்டர் புண்ணியத்தில் பாட்டும் வெளிச்சமும் அமர்க்களம்.

மைக்செட் அண்ணனிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லிக் கரண்ட் கேட்டேன். "ஒயரு இழுத்துடலாம்மா. ஆனா இந்த லோடுல வோல்டேஜ் ஆடும், உன் பெட்டி பூடும்" என்று தலையைச் சொறிந்தார். அவர் பார்வை போன பக்கம் சீரியல் லைட்டாலேயே செய்த அம்மன் பனைமர உயரத்துக்கு ஜொலித்தாள். அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இன்னா விஷயம்?" என்று விழாக் கமிட்டி மாமா வந்தார். சொன்னேன்.

"காய்ச்சலுக்கு ஊசியா?"

"ஆமா மாமா."

"அம்மைக்கும் காய்ச்சலுக்கும்தானே இவளக் கும்புடுறோம். இது அவ வேலைதான். ஆஃப் பண்ணுப்பா!"

பாட்டு நின்றது. அம்மன் இருட்டில் மறைந்தாள். முணுமுணுத்த பெண்களிடம் மாமாவே போய்ச் சமாதானம் சொன்னார். யூ.பி.எஸ். அடங்குவதற்குள் அண்ணன் எங்கள் வீடுவரை ஒயரை இழுத்துவிட்டார்.

கணக்கு முடிந்தது. துண்டு குலையவில்லை. முடிவை அனுப்பிவிட்டு ஓடிப்போய், "அண்ணே, போடுங்க!" என்று கத்தினேன். அம்மன் பாதத்திலிருந்து கிரீடம்வரை பளிச்சென்று வந்து நின்றாள். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அந்தத் துண்டு இப்போது லேபில் சோதனையில் இருக்கிறது. தேறுமா தேறாதா, தெரியாது. தெருவில் பார்க்கிறவர்களோ, "நம்ம ஊசி எப்பம்மா வரும்?" என்று அடுத்த வாரமே வரப்போவதுபோலக் கேட்கிறார்கள். முன்பெல்லாம் 'என் ஆராய்ச்சி' என்றுதான் சொல்வேன். சாமியையே இருட்டில் நிற்கவைத்து ஊர் கொடுத்த கரண்டில் முடிந்த வேலையை இனி எப்படி அப்படிச் சொல்வது?