தெக்பரின் பால் தூக்கம்

தெக்பர் சோம்பேறியாம். பாலைவன ஊரான கீஃபாவில் பால் விற்கும் தூத்து அப்படித்தான் சொல்லித் திரிகிறாள். திரியட்டும். தெக்பர் எழுந்து நிற்கப் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியும்?

எட்டு வயதில் தெக்பரை அத்தை முனீனாவின் கூடாரத்துக்கு அனுப்பினார்கள், கொழுக்க வைக்க. பெண் மெலிந்திருந்தால் எங்கள் பக்கம் வீட்டுக்கே அவமானம். மரக்கிண்ணம் நிறைய ஒட்டகப் பால். மறுத்தால் கால்விரலை நசுக்க இரண்டு குச்சி. கூடாரத்துக்குப் பின்னால், மணலில், ஓசையில்லாமல் விரல் விட்டு வாந்தி எடுக்கப் பழகினாள். பழக்கம் விடவில்லை. இருபது வயதிலும் வாரி வாரி உண்பாள், பிறகு மணலைத் தேடிப் போவாள். கடைவாய்ப் பற்கள் கரைந்துபோயின.

தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. மூத்தவளும் செழிப்பாகத் தெரிய வேண்டுமென்று அம்மா ஸெய்னபு சந்தையில் கொழுக்கவைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். இரண்டே மாதத்தில் முகம் உருண்டது. முட்டி வலித்தது. பகலெல்லாம் உறக்கம். உறக்கத்தில் வீடு பாலின்மேல் மெல்ல மிதக்கும். மணல்மேடுகள் ஓசையின்றி விலகி வழிவிடும். எவ்வளவு குடித்தாலும் தாகம் மட்டும் தீராது. விழித்தால் நெஞ்சு இரண்டடி அடித்து ஒன்றை மறந்துவிடும்.

அம்மாவுக்கோ பெருமை. “பால் தூக்கம். ராணி மாதிரி தூங்குறா.”

பார்க்க வந்த நர்ஸ் உம்முல்கைர் மாத்திரையையும் வாந்தியையும் கேட்டறிந்து, நாடி பிடித்து, தெக்பரின் விரலில் குத்திச் சோதித்தாள். “அந்த மாத்திரையால சர்க்கரை ஏறிக் கெடக்கு. வாந்தி எடுத்து எடுத்து ரத்தத்துல உப்பு கொறைஞ்சிருக்கும், அதான் நெஞ்சு தடுமாறுது. மாத்திரைய நீயா நிறுத்திடாத, டாக்டர் பாத்துத்தான் கொறைக்கணும். வியாழக்கெழம வா. தள்ளிப்போட்டா ஒருநாள் தூக்கத்துலயே போயிடுவே.”

வியாழன்தான் சம்பந்தி வீட்டார் வரும் நாள்.

“மூத்தவ நோயாளின்னு தெரிஞ்சா சின்னவள யாரு கட்டுவா? அடுத்த வாரம் போ,” என்றாள் அம்மா.

“அடுத்த வாரம் நான் இருக்கணுமே.”

வியாழன் வந்தது. விருந்தினர் இரண்டாம் குவளைத் தேநீரை முடித்தார்கள். மூன்றாவது வருமுன் எழுந்திருப்பது எங்கள் பக்கம் பெரிய மரியாதைக் குறைவு. தெக்பர் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

“எங்கடி?” என்றாள் அம்மா.

“டாக்டர்கிட்ட.”

“உக்காரு. மூணாவது இன்னும் ஊத்தல.”

“என் பங்க நீயே குடிம்மா.”

மாப்பிள்ளையின் பாட்டி வாயைப் பொத்திச் சிரித்துவிட்டாள். தெக்பர் நீலச் சேலையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, வாசற்படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.