சிங்கமீனுக்கு அண்டை வீட்டார்

அந்தத் தையல் கடைக்கு இரண்டு முதலாளிகள், அக்காவும் தங்கையும். வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் பெரியக்கா, சின்னக்கா. முன்மேசையில் உட்கார்ந்துகொண்டு, பத்து நாள் வேலையை மூன்றே நாளில் தருவதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுப்பது பெரியக்கா. பின்னால் வெட்டுமேசையில் நின்றபடியே அந்த வாக்கைக் காப்பாற்றுவது சின்னக்கா. இருபத்தாறு வருடமாகக் கடை இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னக்காவுக்குப் பேச வராது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. பேச வரும், பெரியக்கா இருக்கிற இடத்தில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான். கல்யாணம் வேண்டாம் என்று இருபத்திரண்டு வயதில் ஒரு தடவை சொன்னாள். மற்றபடி இது வேண்டும், அது வேண்டும் என்று அவள் வாயைத் திறந்ததில்லை. கடைச் சுவரின் நிறம், மாடியில் இருவரும் குடியிருக்கும் வீட்டின் திரைச்சீலை, ராத்திரிச் சமையல், எல்லாமே பெரியக்கா வைத்ததுதான் சட்டம்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் உடுப்புக்கு உள்ளே வைத்துத் தைக்கிற உள்துணி வாங்கப் போன இடத்தில், பக்கத்து வண்ணமீன் கடைக் கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு சிங்கமீன். ஒரு சாண் நீளம், அரக்கும் வெள்ளையுமாகக் கோடுகள், உடம்பைச் சுற்றி விரித்துவிட்ட கொசுவம் போலச் செட்டைகள். மற்றவர்கள் அழகைப் பார்ப்பார்கள்; சின்னக்கா தையலைப் பார்த்தாள். கோடு போட்ட துணியில் தோளும் கையும் சேருகிற இடத்தில் கோட்டோடு கோடு பொருந்தும்படி தைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று அவளுக்குத்தான் தெரியும். இந்த மீனுக்கு உடம்பின் கோடு இம்மியும் பிசகாமல் செட்டைக்குள் இறங்கியிருந்தது. அவள் அதன்மேல் உயிரையே வைத்துவிட்டாள். உள்துணியை மறந்துவிட்டுச் சிங்கமீனோடு வந்தாள்.

கடைக்காரர் நல்ல மனிதர், எச்சரித்துத்தான் கொடுத்தார். முதுகு முள்ளில் விஷம், தண்ணீருக்குள் கையை விடக் கூடாது. உப்புத் தண்ணீர், பெரிய தொட்டி. வாய்க்குள் நுழைவதெல்லாம் அதற்குத் தீனி, நுழையாததுதான் துணை. சின்னக்கா தலையை ஆட்டினாள். கடை முகப்பில் நின்றிருந்த மூன்று பொம்மைகள் உள்ளே போயின. அந்த இடத்தில் ஆறடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. பெரியக்காவுக்கு ஆச்சரியத்தில் இரண்டு நாள் திட்டக்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் திட்டு வந்தது. இவ்வளவு பெரிய தொட்டியில் ஒற்றை மீன், அதுவும் பகலெல்லாம் பாறைக்கடியில் படுத்துக்கிடக்கிறது, வருகிறவர்கள் காலித் தொட்டிக்கு விளக்குப் போட்டிருப்பதாக நினைக்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். கடைக்கு முகப்பு என்றால் கலர் வேண்டாமா என்றாள். அதில் நியாயம் இருந்ததால் சின்னக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. சிங்கமீன் சும்மா மிதந்துகொண்டிருந்தபோது கண்ணாடி வழியே அதன் வாயை அளந்தாள். கழுத்துப்பட்டைக்கு விடுவதுபோல இரண்டு விரல் தாராளம் விட்டாள். அந்தக் கணக்கை வைத்து, பச்சையும் நீலமுமாக மின்னுகிற சின்ன மீன்கள் மூன்றை வாங்கி வந்தாள். தொட்டி ஜொலித்தது. மறுநாள் இரண்டு இருந்தன. அதற்கு மறுநாள் ஒன்று.

கடைசி ஒன்று போனபோது ஒரு கல்யாணப் பெண் தொட்டிக்கு எதிரில் நின்று அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாத பாப்பா போல மிதந்துகொண்டிருந்த சிங்கமீன், கண் இமைக்கிற நேரத்தில் வாயைத் திறந்தது, மூடியது. தொட்டியில் பச்சை இல்லை. பெண் அலறினாள். உடுப்பு வேறு கடையில் தைத்துக்கொள்கிறோம் என்று அவள் அம்மா எழுந்தேவிட்டார். அவரைத் திரும்ப உட்கார வைப்பதற்குள் பெரியக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அவர்கள் போனதும் பெரியக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னக்கா பயந்திருக்க மாட்டாள்.

"மூணு வாரத்துல அந்தப் பொண்ணு போட்டுப் பார்க்க வருவா. அன்னிக்கு அவங்க கண்ணு குளிர்ற மாதிரி இந்தத் தொட்டி இருக்கணும். இல்லேன்னா மீன் வந்த கடைக்கே போயிடணும். சரியா?"

சின்னக்கா தொட்டியைப் பார்த்தாள். சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

வண்ணமீன் கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாயை மூடியிருக்கும்போது அளந்தீங்களா மேடம்?" என்று கேட்டார். சின்னக்கா அசடு வழிந்தாள். கையைத் தூக்கச் சொல்லாமல் அக்குள் அளவு எடுத்ததில்லை, உட்காரச் சொல்லாமல் இடுப்பு அளவு எடுத்ததில்லை. சும்மா நிற்கிற உடம்பின் அளவு பொய் அளவு என்று தன்னிடம் வேலை பார்த்தவர்களையெல்லாம் விரட்டியிருக்கிறாள். அந்தச் சின்னக்கா மூடிய வாயை அளந்திருக்கிறாள்.

திரும்பி வந்து கண்ணாடியில் நாடாவை ஒட்டினாள். நீளக் குச்சியின் நுனியில் இறாலைச் செருகி, நாடாவுக்கு நேராகப் பிடித்தாள். சிங்கமீன் வாயைத் திறந்த அந்த நொடியைக் கண்ணால் பிடிக்க நாலு நாள் ஆயிற்று, இறால்களுக்குக் கணக்கில்லை. மூடிய வாயைப்போலத் திறந்த வாய் இரண்டு மடங்கு. அந்த அளவுக்கு, அதற்கு மேலேயும் இரண்டு விரல் தாராளம் விட்டு, காலருக்குள் வைக்கிற கெட்டி அட்டையில் ஒரு வட்ட ஓட்டை வெட்டினாள். ஓட்டைக்குள் நுழைகிற உடம்பெல்லாம் தீனி.

அட்டையும் கையுமாக அவள் வண்ணமீன் கடையில் தொட்டி தொட்டியாக நடந்த அழகைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு மீனையும் கண்ணாடி வழியே ஓட்டைக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "இது போயிடும்" என்று நகர்ந்தாள். ஆரஞ்சுக் குட்டிகள் போய்விடும். ஊதாக் குட்டிகள் போய்விடும். அட்டை ஓட்டையை விடப் பெரியதாக ஒரு கிளாத்தி மீன் இருந்தது. உடம்பெல்லாம் பொட்டு, மஞ்சள் உதடு, அடேயப்பா என்ன அழகு! அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைக்காரர் அதன் பல்லைக் காட்டினார். இது சிங்கத்தைத் தின்னாது, ஆனால் தொங்குகிற செட்டையைக் கண்டால் கொறிக்காமல் இருக்காது என்றார். கொசுவத்துக்குப் பக்கத்தில் கத்திரிக்கோலா? சின்னக்கா அதற்கு மேல் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

கடைசியில் இரண்டு பேர் தேறினார்கள். ஒன்று நரிமூஞ்சி: எலுமிச்சை மஞ்சள் உடம்பு, கறுப்பு வெள்ளை முகம். பாசி தின்கிற சாது. முதுகில் அதற்கும் விஷ முள் இருப்பதால் யாரும் வம்புக்குப் போக மாட்டார்கள். மற்றொன்று மஞ்சள் வால் வைத்த பெரிய நீல மீன், சண்டைக்கும் போகாது, நிற்கவும் நிற்காது. சீக்கு எதுவும் இல்லை என்று தெரியும்வரை கடைக்காரர் இரண்டையும் பத்து நாள் தனித்தனித் தொட்டியில் வைத்திருந்து கொடுத்தார்.

குடி வைத்த நாளில் சின்னக்கா முதலில் சிங்கமீனின் வயிற்றை இறாலால் நிரப்பினாள். பாறைகளை நீள இடுக்கியால் இடம் மாற்றினாள். இருக்கிறவனுக்கும் வீடு புதிதாகத் தெரிந்தால்தான் வருகிறவர்களை விரட்டமாட்டான் என்பது கடைக்காரர் சொன்ன யோசனை. விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக விட்டாள். நீலம் பாறைக்குப் பின்னால் பாய்ந்தது. நரிமூஞ்சி ஒரு மூலையில் நின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் எல்லாம் வடிந்து அழுக்குப் பழுப்பாக மாறியது.

பெரியக்கா குனிந்து பார்த்தாள். "சாயம் நிக்காத சரக்கா வாங்கிட்டு வந்திருக்கியேடி" என்றாள்.

சின்னக்காவின் முகம் செத்துப்போயிற்று. கடைக்காரருக்குப் போன் போட்டாள். பயந்தால் அது அப்படித்தான், பயம் தெளிந்தால் நிறம் வரும் என்றார் அவர். மறுநாள் கடையைத் திறந்தபோது தொட்டிக்குள் எலுமிச்சை மஞ்சள் உலாப் போய்க்கொண்டிருந்தது. நீலம் அதன் பின்னால். இரண்டும் தைரியமாகத் திரிவதைப் பார்த்தோ என்னவோ, பாறைக்கடியில் கிடந்த சிங்கமும் வெளியே வந்து நடுத்தொட்டியில் செட்டை விரித்து நின்றது. சின்னக்கா சந்தோஷத்தில் கை தட்டினாள். ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண் கடை வாசலில் கை தட்டிக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அன்றைக்குப் பெரியக்கா தன் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்துக்காகவாம்.

கல்யாணப் பெண் வந்தாள். உடுப்பு உடம்பில் பிறந்தது போலப் பொருந்தியது. சின்னக்கா தரையில் மண்டியிட்டு, உதட்டில் குண்டூசிகளோடு கீழ்மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா தொட்டியை நிதானமாகப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்துச் சிரித்தார், நீலத்தைப் பார்த்துச் சிரித்தார். சின்னக்காவின் மனதில் பாதிப் பாரம் இறங்கியது.

"இந்த ரெண்டும் ரொம்ப அழகு" என்றார் அந்த அம்மா. "அந்தக் கோடு போட்ட பேயை மட்டும் எடுத்துடுங்க. கல்யாணத்துக்கு வர்ற சொந்தக்காரங்க அத்தனை பேரையும் இங்கேயே அனுப்பறேன்."

சின்னக்காவுக்குக் கை நின்றுவிட்டது. விருந்தாளிகள் இருக்கலாம், வீட்டுக்காரன் கிளம்ப வேண்டும். கண் குளிரவேண்டும் என்று சொன்ன அக்காவைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு வாடிக்கையாளரையும் விட்டுக்கொடுக்காத அக்கா.

பெரியக்கா தன் நோட்டை மூடி வைத்தாள்.

"என் தங்கச்சி இதுவரைக்கும் எனக்கு இது வேணும்னு எதையும் கேட்டதில்லைங்க. முதமுதலா கேட்டது அந்த மீனைத்தான். மத்த ரெண்டும் அதுக்காக வந்தது. அது இங்கதான் இருக்கும்."

சின்னக்கா கீழ்மடிப்பை ஒட்டிக் குனிந்துகொண்டாள். அழுகை வந்துவிட்டது, வெள்ளைத் துணியில் சொட்டிவிடக் கூடாதே என்ற பயம் வேறு. கல்யாணப் பெண்தான் முதலில் சிரித்தாள். முதல் நாள் அலறியதிலிருந்து அந்த மீனைப் பற்றித்தான் தோழிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம், அதைக் காட்டுவதற்கு நாளை இரண்டு பேரைக் கூட்டி வரலாமா என்று கேட்டாள். அவள் அம்மா மகளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், இடுப்பில் இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் போன பிறகு பெரியக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணமான அந்த ஜீவனுக்குப் பேராவது வைத்திருக்கிறாயா என்று கேட்டாள்.

சின்னக்கா ஊசிகளை டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டாள். "வெச்சிருக்கேன்."

"என்ன பேரு?"

"உன் பேருதான்க்கா. வாங்கின அன்னிக்கே வெச்சுட்டேன்."

பெரியக்கா எழுந்து போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். நடுத்தொட்டியில், மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில், கோடு கோடாக அத்தனை செட்டையையும் விரித்துக்கொண்டு அது அவளையே பார்த்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தங்கை பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நான் இவ்வளவு அழகாவாடி இருக்கேன்?"