பொத்தான் பலகையில் உடைத்த தேங்காய்

என் அக்கா புருஷன் பொன்னேரியில் வைத்திருந்த வீடியோ கேம் கடையை மூடியபோது, மிஞ்சிய ஒரு பெட்டியை எனக்குக் கொடுத்தார். ஆளுயரப் பெட்டி. காசு போட்டால் விமானம் ஓட்டி எதிரியைச் சுடலாம். அக்காவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு மாதம் அங்கே தங்கி, சாயங்காலங்களில் அதில் விளையாடிப் பழகியிருந்தேன். கடைக்கு வந்த காலேஜ் பையன்கள் அத்தனை பேரையும் ஜெயித்தேன், சத்தியமாக. நாற்பது வயதில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று தெரிந்தது. ஆனால் சுவிட்சை அணைத்தால் அந்தப் பாழாய்ப்போன பெட்டி எடுத்த பாயின்டையெல்லாம் மறந்துவிடும். சாட்சி கிடையாது.

"நீ ஏரோப்ளேன் சுட்டியா? போமே!" என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஏரியில் மீன் பிடிக்கிறவர்; எனக்குப் பழவேற்காடு படகுத்துறையில் டீக்கடை. அவர் கண்ணெதிரே ஒரே ஒரு தடவை விளையாடிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பெட்டி என் டீக்கடையில் வந்து இறங்கியது. ப்ளக்கைச் சொருகினேன், விளக்கெல்லாம் எரிந்தது. கையை வைக்கப் போனால், "இரு, பூஜை போடாம தொடாத" என்று தடுத்தார். புதுப் படகு வந்தால் மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, அதன் மூக்கான அணியத்தில் தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். இந்தப் பெட்டிக்கு அணியம் எது என்று துறையில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் கூடிப் பேசினார்கள். பொத்தான் பலகைதான் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அதுதான் என்று தீர்ப்பானது. என் வீட்டுக்காரர் ஓங்கி ஒரே போடு. தேங்காய் அழகாக இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் முழுவதும் பொத்தான் இடுக்கில் இறங்கியது. உள்ளே 'டப்' என்றது. திரை இருண்டுவிட்டது.

"கண்ணு பட்டுடிச்சு" என்றார் கூட்டத்தில் ஒருவர். கண்ணாம் கண்ணு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தேங்காய் மூடியாலேயே நாலு பேரை அடித்திருப்பேன்.

மெயினை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அக்கா புருஷனுக்குப் போன் போட்டேன். அரை நிமிஷம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பின்கதவுக்குள்ள டிவி மாதிரி படக்குழாய் இருக்கு. ப்ளக்கைப் பிடுங்கினாலும் அதுல கரண்ட் நிக்கும், ஆளைத் தூக்கிப் போட்டுடும். அந்தக் கதவையே திறக்காதம்மா. முன்னாடி பலகையும் கீழ இருக்கிற சின்னக் கதவும் மட்டும் போதும். ஒவ்வொண்ணையும் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோ."

மறுநாள் காலையில் பலகையைக் கழற்றினால், உள்ளே ஊர்ப்பட்ட எறும்பு. தேங்காய்த் தண்ணீர் வாசனைக்கு வந்த கூட்டம். அவற்றை விரட்டி, பழைய பல் துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொரு பொத்தானாகத் தேய்த்தேன். ஏரிக்கரை ஈரத்தில் எதுதான் சீக்கிரம் காயும்? இரண்டு நாள் ஃபேன் போட்டுக் காயவைத்தேன். கீழ்க்கதவுக்குள் ஃபியூஸ் கருகிக் கிடந்தது.

தேங்காய் உடைத்த குற்ற உணர்ச்சி என் வீட்டுக்காரருக்குக் கோபமாக மாறியிருந்தது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடலன்னா இதுக்குள்ள வலைய போட்டு வச்சிக்குவேன். நல்ல மரப்பொட்டி." அதோடு விட்டாரா? கரையேறிய ஈரக்கையோடு, ஒரு செப்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஃபியூஸுக்கு எதுக்குமே அலையிற? இத்த சுத்தி வுட்டா முடிஞ்சிது."

"யோவ், கைய எடு! பொட்டியோட சேத்து கடையையும் கொளுத்தவா? ஈரக்கையோட வர, உனக்கு எதுனா ஆனா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" என்று கத்தினேன். கரண்டி கையில் இருந்தது, ஓங்கியும்விட்டேன். அவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

பொன்னேரிக்கு பஸ் ஏறிப்போய், கருகின ஃபியூஸைக் காட்டி, அதே நம்பர் போட்டதாக வாங்கி வந்தேன். மாட்டியதும் திரை எரிந்தது. ஆனால் விமானம் பறக்கிறது, சுட மாட்டேன் என்கிறது. மறுபடி ப்ளக்கைப் பிடுங்கி, போட்டோவைப் பார்த்தால், சுடும் பொத்தானின் ஒயரை நான் பக்கத்துப் பொத்தானில் சொருகி வைத்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டு மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை. துறையில் படகேற வந்த கூட்டம். காசு போட்டேன். முதல் எதிரி விழுந்ததும் என்னைச் சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. "அக்கா, ரெண்டு டீ", "அக்கா, நாலு டீ" என்று பின்னால் குரல் கேட்கிறது. நான் எங்கே திரும்ப? பையன்களை ஜெயித்த பாயின்டைத் தாண்டி, இன்னும் மேலே போய், என் கடைசி விமானமும் வெடித்தபோது கூட்டம் விசிலடித்தது.

திரும்பி அவரைத் தேடினேன். கூட்டத்தில் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்குக் காட்ட இத்தனை பாடும் பட்டேனோ அந்த மனுஷனைக் காணோம்.

கடையின் டீ அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் டீ கிளாஸைக் கழுவிக்கூடத் தராதவர், யாருக்கோ டீ ஆற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"அந்தப் பெரிய ஏரோப்ளேன் வரச்சொல்ல எடப்பக்கம் ஒதுங்கியிருக்கணும்மே. செத்திருக்க மாட்ட."

"பாத்தியாய்யா?"

"பாக்காம? ரெண்டு வாட்டி பால் பொங்கி வழிஞ்சிடுச்சு."