பாகாலா பேட்ச்ச ஏன் கலைச்சீங்க?

நிறுத்துங்க மேனேஜர் சார். என் வாய்த்துடுக்காலதான் எடை கொறைக்க வந்த அம்சாக்கா சென்டர விட்டு நின்னுட்டாங்கன்னு ஸ்டாஃப் குரூப்ல போட்டீங்க இல்ல? எல்லாரும் படிச்சாங்க. இப்ப என்னுதையும் எல்லாரும் படிக்கட்டும்.

எடை கொறைக்கற சென்டர்ல ஃபாலோ-அப் வேலைன்னா, வாய்ல சோத்த வெச்சிக்கினு இருக்கறவங்களுக்கு போன் போட்டு "இன்னா துன்றீங்க?"ன்னு கேக்கறதுதான். திருப்பதியில டிகிரி படிச்சிக்கினே பார்ட் டைமா இத பாக்கறேன். போன்ல திட்டு வாங்கி பொழைக்கற என்னாட்டம் ஜென்மங்களே, நீங்களே நியாயம் சொல்லுங்க.

மெஷின் பொய் சொல்லுது

ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர். ஒரு வாரம் போன் எடுக்கல. அப்பால பளபளன்னு மொட்டையோட வந்து நேரா மெஷின் மேல ஏறி நின்னார். திருமலைக்கு படியேறியே போனாராம். எறங்கி வரும்போது பை நெறைய லட்டு. பிரசாதத்த வேணான்னு சொல்ல முடியுமா? வழியெல்லாம் துன்னுக்கினே வந்திருக்கார். முள்ளு முன்னவிட ஏறித்தான் நின்னுச்சி.

நான் ஒண்ணுமே சொல்லல சார், சத்தியமா. அவரே எறங்கி என்ன மொறச்சார்: "அம்மாயி, முடிய அந்த சாமியே வாங்கிக்கினாரு, உன் மெஷினுக்கு கணக்குல எடுக்க வலிக்குதா?"

தனித் தட்டு

பேங்க்ல வேல செய்யற ஒரு மேடம். நம்ம டயட்ட ஒரு எழுத்து மாத்தாம பண்ணவங்க. திடீர்னு நின்னுட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்தமாதிரியே "மன உறுதி வேணும் மேடம்"னு ஆரம்பிச்சேன்.

வீட்டுக்காரரு, புள்ளைங்க எல்லாம் பூரி துன்னுக்கினு டிவி பாப்பாங்களாம். இவங்க மட்டும் கிச்சன்ல நின்னுக்கினே ஓட்ஸ் கஞ்சி குடிக்கணுமாம். கூட ஒக்காந்தா வாசன இஸ்துடுமாம். அப்பால சொன்னாங்க: "பசிய பொறுத்துக்கினேம்மா. வீட்ல நோயாளி மாதிரி தனியா துன்றத பொறுக்க முடியல."

ரயில் சோதனை

இப்ப அம்சாக்காவுக்கு வர்றேன். லாட்ஜுல ரூம் சுத்தம் பண்றவங்க. கொடல் எறக்கம். வெயிட் எறங்காம கத்தி வெக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுவரைக்கும் வயித்துல துண்ட கட்டிக்கினுதான் மெத்தைய தூக்கறாங்க.

பாகாலாவுலருந்து காத்தால ரயில்ல மூணு பேரா வருவாங்க: அம்சாக்கா, பூக்கடை சாந்தி, டைலர் ரமணி. ரயில்லயே மூணு டப்பாவையும் தெறந்து ஒருத்தருக்கொருத்தர் சோதனை. நானும் ஒரு நாள் அவங்களோட வந்தேன். சாந்தி டப்பாவ எட்டிப் பாத்துட்டு ரமணி கேட்டாங்க: "ஏண்டி, இது கொழம்பா, எண்ணெய்ச் செட்டியார் வீட்டு கொடமா?" அந்த ரயில் பொட்டியே சிரிச்சது. சாந்தி அத தொடவே இல்ல. அம்சாக்காதான் தன் கீரைய பாதி தள்ளி விட்டாங்க. சென்டர்லயே லீவு போடாத பேட்ச் அதுதான். மூணு பேருக்கும் வெயிட் எறங்கிக்கினே வந்தது.

"பர்சனல் அட்டென்ஷன்"

அப்பதான் சார் உங்களுக்கு யோசனை வந்தது. சும்மா சிரிச்சிக்கினு இருக்காங்க, டிசிப்ளின் இல்லன்னு ஒருத்தர காலையில, ஒருத்தர மத்தியானம், ஒருத்தர சாயங்காலம்னு பிரிச்சீங்க. ரயிலும் வேற வேற ஆச்சு. வேணாம் சார்னு நான் கத்தினேன். படிக்கற பொண்ணுக்கு இன்னா தெரியும்னீங்க.

மொதல்ல ரமணி நின்னாங்க, அப்பால சாந்தி. அம்சாக்கா தனியா கொஞ்ச நாள் வந்து பாத்தாங்க. அவங்களும் வரலன்னதும் போன் பண்ண சொன்னீங்க. நான் சொன்னது நீங்க எழுதிக் குடுத்த வரிதான்: "உங்க உடம்பு, உங்க பொறுப்பு."

பின்னால யாரோ ரூம் பெல் அடிக்கற சத்தம். மூச்சு வாங்கிக்கினே அக்கா சொன்னாங்க: "என் ஒடம்பு என் பொறுப்புதான் கண்ணு. என் ஜோடிங்கள பிரிச்சது யார் பொறுப்பு?"

அக்காவுக்கு வெயிட்டும் எறங்கல, ஆபரேஷனும் இல்ல. இன்னிக்கும் துண்ட இறுக்கிக்கினு மெத்த தூக்கிக்கினுதான் இருக்காங்க.

ஆள் எளைக்க வந்த எடத்துல அவங்க கூட்டத்த மட்டும் கச்சிதமா எளைக்க வெச்ச சென்டர் நம்மளுது. தனியா போன் பண்ணி என்ன சமாதானம் பண்ணாதீங்க சார். அம்சாக்காவையும் இந்த குரூப்ல சேத்துட்டேன். அந்த பேட்ச்ச ஏன் கலைச்சீங்க, எப்ப திருப்பி சேப்பீங்க? அவங்க படிக்கறமாதிரி இங்கயே பதில் போடுங்க.