வண்டி இருக்குங்களா?

விளம்பரம் போட்டது என் மகள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே, பாகூர் ஏரிக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற காரை விற்க அவளால் முடிகிறது. போன தீபாவளிக்கு வந்தவள் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தாள். "பழைய வண்டிக்கெல்லாம் இப்போ செம மவுசும்மா. சேத்து வெக்கிறவங்க தேடித் தேடி வந்து வாங்குறாங்க" என்றாள். என் போனிலேயே விளம்பரத்தை ஏற்றி, என் நம்பரைப் போட்டாள். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

கார் என் வீட்டுக்காரருடையது. அந்தக் காலத்தில் மெட்ராஸில் செய்த, இரண்டே கதவு உள்ள சின்னக் கார். பானெட்டைத் தூக்கினால் விளக்கோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரித் திறக்கும். வில்லியனூரில் மில் வேலையில் இருந்தபோது ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். துடைப்பது, பெட்ரோல் போடுவது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உட்காருவது எல்லாம் அவர். தள்ளுவது நான். அந்தக் கார் ஒருநாளும் வெறும் சாவிக்குக் கிளம்பியது கிடையாது. கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், "ஒரு கை குடுடி" என்பார். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுவேன். அது இருமி, என் மேல் புகையை விட்டு, தெருக்கோடியில் போய் நிற்கும். நான் ஓடிப்போய் ஏற வேண்டும். முப்பது வருஷம் இப்படித்தான். என் உள்ளங்கை பட்ட இரண்டு இடத்திலும் பெயிண்ட் தேய்ந்து வெளுத்துவிட்டது.

அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் என்னை யாரும் ஒரு கை கேட்கவில்லை.

விளம்பரம் வந்த மூன்றாம் நாள் முதல் போன் வந்தது. "வண்டி இருக்குங்களா?" என்று கேட்டார் ஒருவர். எனக்கு எரிச்சலாக இருந்தது. இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டு, இது என்ன ரோதனை என்று மகளைத் திட்டினேன். அடுத்த போனுக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் பேசினேன். அதற்கடுத்த போனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசினேன். அதற்கு முன்பு என் போனில் வந்ததெல்லாம் கேஸ் சிலிண்டர் மெசேஜும், லோன் வேண்டுமா என்று கேட்கிற குரல்களும், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மகளும்தான்.

பிறகு ஆட்களே வர ஆரம்பித்தார்கள். கடலூர், வேலூர், சென்னை என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். எங்கள் பக்கத்து ரோடு பாண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் மாறி மாறிப் போகும். பாதி வழியில் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். "அம்மா, தமிழ்நாடுன்னு போர்டு வருதே, தப்பா வந்துட்டேனா?" என்பார்கள். "வாங்க, வாங்க. இன்னும் கொஞ்சம் வந்தா மறுபடியும் பாண்டி வந்துடும்" என்பேன்.

பழைய வண்டி சேர்க்கிறவர்களின் வழக்கமே தனி. முதல் ஆள் வருகிறார் என்று சீயக்காய் போட்டுத் தேய்த்துக் காரைக் கழுவி வைத்திருந்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தூசியும் துருவுமாக அப்படியே கிடந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்குமாம். தரையில் படுத்து டார்ச் அடிப்பார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டவைத்து, எங்கே தகரம், எங்கே ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி என்று பார்ப்பார்கள். கண்ணாடி ஒரிஜினலா, ஹாரன் ஒரிஜினலா, கைப்பிடி ஒரிஜினலா? ஒருத்தர் என்னைப் பார்த்து, "நீங்கதான் ஓனருங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, நானும் ஒரிஜினல்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வருகிறவர்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். "இன்னாக்கா, இன்னிக்கும் பொண்ணு பாக்க வர்றாங்களா? வாசன எங்க வூடு வரைக்கும் வருது" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டல் செய்தாள். செய்யட்டும். பஜ்ஜி தின்றுகொண்டே அவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன். மழையில் கெடிலம் பாலத்தில் நின்றுபோனது, மகள் பின் சீட்டில் வாந்தி எடுத்தது, அவர் ஹாரனுக்குத் தனியாக மெக்கானிக் வைத்தது எல்லாம். ஊரில் எல்லோருக்கும் என் கதை தெரியும். தெரிந்த கதையை யார் கேட்பார்கள்?

அவர்களும் தங்கள் குறையைச் சொல்வார்கள். எப்போதோ விற்றுப்போன வண்டிக்கு விளம்பரத்தை எடுக்காமல் வைத்து ஆளை அலைக்கழிக்கிற தரகர்கள் இருக்கிறார்களாம். அப்படி ஒருவனை நம்பித் திருபுவனை வரைக்கும் வந்து ஏமாந்தவர், அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். "நல்ல சாவு வருமா அவனுக்கு?" என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

விலை கேட்டால் மட்டும் ஏற்றிச் சொல்வேன். தலையைச் சொறிந்துகொண்டு போவார்கள். "இன்னாம்மா, உனக்கு விக்கிற எண்ணம் இருக்கா இல்லியா?" என்று மகள் கேட்டாள்.

"வர்றவன் எவனும் சரியில்லடி" என்றேன்.

பொய். விற்றுவிட்டால் போன் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். இதைப் பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது?

போன மாதம் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் படுக்கவில்லை, காந்தம் எடுக்கவில்லை. நேரே காரின் பின்பக்கம் போய் நின்றார். "ஏனுங்கம்மா, இந்த ரெண்டு எடத்துல மட்டும் பெயிண்ட் போயிருக்குதுங்க?"

"தள்ளின கை" என்றேன்.

அவர் தன் கைகளை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். "இதுக்கு மேல பெயிண்ட் அடிக்க மாட்டனுங்க. இப்படியே வெச்சுக்குவேன்" என்றார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விலையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் அந்த வெளுத்த இடத்தை இன்னொரு தடவை தடவிவிட்டு, "சரிங்க" என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். சொன்ன வார்த்தையை மாற்றிப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

காகிதமெல்லாம் முடிந்து, காரை ஏற்றிப்போக ஒரு லாரி வந்தது. இரண்டு ஆட்கள் பலகையின் மேல் தள்ளினார்கள். பாதியில் அது முரண்டு பிடித்தது. நான் கொசுவத்தைச் செருகிக்கொண்டு போய் என் இடத்தில் கையை வைத்தேன். "நீங்க எதுக்கும்மா, வுடுங்க" என்றான் ஒருவன். நான் விடவில்லை. கார் ஏறிவிட்டது. இந்த முறை ஓடிப்போய் ஏறுகிற வேலை எனக்கு இல்லை. லாரி தெருக்கோடியில் திரும்புகிறவரை நின்றிருந்தேன். உள்ளே வந்து வாய்விட்டு அழுதேன்.

மகளுக்கு ஒரே சந்தோஷம். "வெளம்பரத்துல வித்தாச்சுன்னு ஒரு பட்டன் இருக்கும்மா, அத அமுக்கிடு. அப்புறம் எவனும் தொந்தரவு பண்ண மாட்டான்" என்றாள். பட்டன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அமுக்கவில்லை.

நேற்றுக் காலை போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். "வண்டி இருக்குங்களா?"

கொட்டகையைப் பார்த்தேன். தரையில் எண்ணெய்க் கறையும், சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த நாலு செங்கல்லும் இருந்தன.

"இருக்கு" என்றேன். "எப்போ வர்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். வாழைக்காய் வாங்கி வைக்க வேண்டும்.